கிராமத் தொழில்களும் கைபேசி விளம்பரமும்

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்பது நம் வழக்கம். பூ இருக்கும் இடத்தை அதன் மணமே அறிவித்துவிடும் என்பது கருத்து. கடைவீதியில் நடந்து செல்பவரைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. ஆனால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சென்னையிலோ கோயம்புத்தூரிலோ அமர்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பூவின் மணம் எட்டுவதில்லை. அவரால் சரக்கைத் தொட்டுப் பார்க்க இயலாது. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுச் சுவைக்க இயலாது. விற்பவரின் முகத்தைப் பார்த்து, இவர் இன்னார் மகன், இன்ன ஊரார் என்று தெளிந்துகொள்ளவும் இயலாது. வாரச் சந்தையில் விற்றுப் பழகிய நம் கிராம மக்கள், இணைய விற்பனையில் இறங்குமுன் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

காணாத சரக்கைக் கடிதம் எழுதி வரவழைப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1877ஆம் ஆண்டிலேயே தபால் இலாகா வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. பத்திரிகையில் விளம்பரம் கண்டு, கார்டு எழுதிப்போட்டு, தபால்காரர் சிப்பத்தைக் கொண்டுவந்ததும் பணம் கட்டிப் பெற்றுக்கொண்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. விதையும், மருந்தும், புத்தகமும் அவ்வாறே வந்தன. அன்று பத்திரிகை விளம்பரத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆகவே கிராமத்துக் கைத்தொழிலாளருக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது. இன்று அந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. 2016இல் யூ.பி.ஐ. முறை வந்த பின்னர் பணம் பெறுவதும் எளிதாயிற்று. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. சாதனம் கைக்கு வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தும் முறையே நாம் கற்றுக்கொள்ள வேண்டியது.

எல்லாப் பொருள்களையும் பற்றிப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் வழியே இப்பாடத்தை நடத்திச் செல்வோம். தூத்துக்குடி மாவட்டத்தின் பனங்கருப்பட்டியே அப்பொருள். முறுக்கு சுடுவோரும், தேன் எடுப்போரும், பாய் முடைவோரும் இதில் தத்தம் தொழிலுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

சரக்கின் கதையே விளம்பரம்

கருப்பட்டி உண்டாகும் விதம் கிராமத்தாருக்குத் தெரியும். நகரத்தாரில் பலருக்குத் தெரியாது. பனையேறி விடியுமுன் மரமேறிப் பாளையைச் சீவுகிறார். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் சொட்டுகிறது. சுண்ணாம்பு இல்லையேல் அது புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை வடிகட்டி, விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் வார்க்கின்றனர். ஏறத்தாழ பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரையே கருப்பட்டி கிடைக்கும். ஆண்டு முழுவதும் இத்தொழில் நடப்பதில்லை. கோடையை ஒட்டிய சில மாதங்களே பருவம்.

இத்துணை உழைப்பில் உண்டான பண்டத்தின் விலை, சீனிப்பாகு கலந்து வார்த்த போலிச் சரக்கின் விலையோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. சீனி மலிவு, பதநீர் அருமை. இரண்டையும் படமெடுத்துக் கைபேசியில் போட்டால் ஒன்றுபோலவே தோன்றும். இங்கேதான் நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது. காண முடியாத வாடிக்கைக்காரர் எதைக்கொண்டு தேர்ந்தெடுப்பார்? வேறு குறிப்பொன்றும் இல்லாவிடில் விலையைக் கொண்டே தேர்ந்தெடுப்பார். அப்போது போலிச் சரக்குத்தான் வெல்லும். ஆகவே, நல்ல சரக்கை நல்ல சரக்கென்று அடையாளம் காட்டும் விவரங்களை வாங்குவோர் கையில் கொடுப்பதே கிராமத் தொழிலுக்கு ஏற்ற விளம்பரம் என்பது நம் கருத்து. கவர்ச்சியும் ஆரவாரமும் அதற்கு அடுத்தபடியே.

இரண்டு விளம்பரங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று பின்வருமாறு இருக்கிறது:

"உலகத் தரம் வாய்ந்த நூறு சதவீத இயற்கைக் கருப்பட்டி! சகல நோய்களையும் போக்கும் அற்புதம்! இன்றே வாங்குவீர்!"

மற்றொன்று இது:

"எங்கள் குழுவினர் பதநீரைக் காய்ச்சி வார்த்த பனங்கருப்பட்டி. சீனி சேர்க்கவில்லை. இவ்வாண்டு மே மாதம் வார்த்தது. நிறம் கரும்பழுப்பு, துண்டுக்குத் துண்டு சிறிது வேறுபடும். ஒரு துண்டு ஏறத்தாழ 100 கிராம். கரைத்தால் அடியில் மெல்லிய சுண்ணாம்பு வண்டல் தங்கக்கூடும், வடிகட்டிப் பயன்படுத்துக. மழைக்காலத்தில் கசியும், காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்கவும். 3 கிலோ 1,260 ரூபாய், தபால் செலவு உட்பட. பணம் வந்த மறுநாள் அனுப்பப்படும். ஞாயிறு விடுமுறை."

முதலாவதை எவரும் எழுதலாம், போலிச் சரக்கு விற்பவரும் எழுதலாம், எழுதியும் வருகின்றனர். இரண்டாவதை, கருப்பட்டியைக் கையால் வார்த்தவரே எழுத முடியும். வண்டல் தங்கும், மழையில் கசியும் என்று குறையை நாமே சொல்லலாமா என்று சிலர் தயங்குவர். சொல்லியே தீர வேண்டும். சொல்லாவிடில், வீட்டில் கரைத்துப் பார்த்து அடியில் வெள்ளையாகக் கண்டவர் கலப்படம் என்று நினைப்பார். முன்னரே சொல்லிவிட்டால் அதுவே பதநீருக்குச் சாட்சியாகிவிடும்.

படங்கள் விஷயத்திலும் இவ்வாறே. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காலை வெயிலில், நிழலான திண்ணையில், வெள்ளைத் துணியின்மேல் கருப்பட்டியை வைத்து எடுக்கும் படம் போதும். உடைத்த துண்டின் உட்புறம் ஒரு படத்தில் தெரிய வேண்டும். அளவு விளங்கும்பொருட்டு ஒரு படத்தில் துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டலாம். கலயம், அடுப்பு, சிரட்டையில் வார்க்கும் காட்சி ஆகியவற்றை ஒரு நிமிடத்துக்கு மேற்படாத அசையும் படமாக எடுத்து வெளியிட்டால் அது ஆயிரம் சொற்களுக்கு மேல் பேசும். ஆனால் வேறொருவர் வெளியிட்ட படத்தை எடுத்து நம்முடையதென்று போடுவது கூடாது. அது முறையன்று என்பது ஒருபுறமிருக்க, அந்தப் படத்தை ஏற்கெனவே கண்டவர் நம்மை ஒருபோதும் நம்பமாட்டார்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பல குழுக்களின் பக்கங்களைத் திறந்து பார்த்தால் சரக்கின் படம் ஒன்றிரண்டே இருக்கின்றன. பொன்னாடை போர்த்தும் படமும், மேடையில் வரிசையாக நிற்கும் படமும் நிறைந்து கிடக்கின்றன. மரியாதை செய்வது நம் பண்பாடுதான். எனினும், ஒரு கிலோ கருப்பட்டி வாங்க வந்தவருக்குப் பொன்னாடையால் ஆவதொன்றுமில்லை.

சட்டம் சொல்லும் சில வரம்புகள்

விளம்பரத்தில் எழுதக் கூடாதவையும், எழுதியே ஆக வேண்டியவையும் உள்ளன. உணவுப் பண்டம் விற்பவர் சிறியவராயினும், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ உரிமமோ பெறுதல் வேண்டும். அப்போது கிடைக்கும் 14 இலக்க எண்ணைச் சிப்பத்தின்மீது அச்சிட வேண்டும். சிப்பமிட்ட பண்டங்கள் பற்றிய 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் பெயரும் முகவரியும், பண்டத்தின் பெயர், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட்ட உச்ச விலை, புகார் கூற வேண்டிய இடம் முதலியனவும் சிப்பத்தில் இருத்தல் வேண்டும். இணையச் சந்தையில் விற்கும்போது, தயாரித்த மாதமும் ஆண்டும் நீங்கலாக இவ்விவரங்கள் அங்கேயும் காட்டப்பட வேண்டும். தயாரித்த மாதத்தைச் சொல்லும்படி விதி வற்புறுத்தாவிடினும், கருப்பட்டி போன்ற பருவகாலப் பண்டத்துக்கு அதைச் சொல்லிவிடுவதே அனுகூலம்.

நோய் தீர்க்கும் என்று எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கருப்பட்டி நீரிழிவைப் போக்கும் என்று எழுதப்பட்டிருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். அது உண்மையன்று, கருப்பட்டியிலும் சர்க்கரைச் சத்தே மிகுதி. நம்பி உண்ட நோயாளிக்குக் கேடு விளையும். மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் பற்றிய 1954ஆம் ஆண்டு ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம், தன் அட்டவணையில் கண்ட நோய்களை மருந்து தீர்க்கும் என விளம்பரப்படுத்துவதைத் தடுக்கிறது. நீரிழிவு அந்த அட்டவணையில் உள்ள நோய்களுள் ஒன்று. உணவுப் பண்டத்தைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு. ஒரு மகளிர் குழுவின் பல ஆண்டுச் சேமிப்பு ஒரு வாக்கியத்தால் போய்விடக்கூடும்.

ஊர்ப் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மணப்பாறை முறுக்கு, மார்த்தாண்டம் தேன், இராமநாதபுரம் முண்டு மிளகாய் ஆகியவையும் அதே ஆண்டில் அப்பெருமையைப் பெற்றன; கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இலும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும் பெற்றன. குறியீடு கிடைத்துவிட்டதால் அவ்வட்டாரத்தார் ஒவ்வொருவரும் அப்பெயரைத் தாமாகவே குறியீட்டுடன் அச்சிட்டுக்கொள்ளலாம் என்பதில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, வெளியார் நம் ஊர்ப் பெயரைப் போட்டு விற்கிறார்களே என்று வருந்துவதில் பிரயோஜனமில்லை. பதிவு பெற்றவர்களே போலியைத் தடுக்க உரிமையுடன் முன்வர முடியும்.

எங்கே விளம்பரம் செய்வது

கூகுள், வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எனப் பல இடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே நாளில் பக்கம் தொடங்கி, ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் கைவிடுவது பலரிடம் காணும் வழக்கம். தேதி பழையதாகிப் பாழடைந்து கிடக்கும் பக்கம், பூட்டிக் கிடக்கும் கடையைப் போன்றது. இல்லாதிருத்தலே அதனினும் நன்று. முதலாண்டுக்கு இரண்டே போதும் என்போம்.

முதலாவது, கூகுள் நிலப்படத்தில் தொழிலிடத்தைப் பதிவு செய்தல். இதற்குக் கட்டணமில்லை. வாங்குவோர் நேரில் வந்து பார்க்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். தொழிலிடத்தைச் சரிபார்த்த பின்னரே பதிவை ஏற்றுக்கொள்வர். திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண், படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால், திருச்செந்தூருக்கு வரும் யாத்திரிகர் ஒருவர் அருகில் கருப்பட்டி எங்கே கிடைக்கும் என்று தேடும்போது நம் இடமும் தென்படும். நேரில் வந்து, அடுப்பைக் கண்டு, வாங்கிச் சென்றவர் ஊர் திரும்பியதும் தபாலில் வரவழைப்பார். வாங்கியவர் தாமாக எழுதும் கருத்துகளுக்கு மதிப்பு அதிகம். சித்தப்பா மகனையும் மாமா மகளையும் கொண்டு எழுதிவைக்கும் புகழுரைகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருப்பதால் எளிதில் வெளிப்பட்டுவிடும். குறை கூறி எவரேனும் எழுதியிருந்தால் சினங்கொள்ளாது, நடந்ததை இரண்டு வரியில் விளக்கி, செய்த பரிகாரத்தையும் குறிப்பிட்டுப் பதில் எழுதுக. அந்தப் பதிலைப் பின்னால் படிப்பவர் பலர்.

இரண்டாவது, வணிகத்துக்கென்று 2018இல் வெளியான வாட்ஸ்அப் பிஸினஸ் செயலி. இதில் பொருள், படம், விலை ஆகியவற்றை அட்டவணையாக வைக்கலாம். வேலை நேரத்தைக் குறிக்கலாம். இரவில் கேட்பவருக்கு, காலையில் பதில் தருகிறோம் என்று தானாகவே செய்தி போகும்படி செய்யலாம். ஒருமுறை வாங்கியவர்களைப் பட்டியலிட்டுப் பருவம் தொடங்கும்போது ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கே அச்செய்தி போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு சிப்பத்திலும், 'இந்த எண்ணைப் பதிந்துகொள்க. அடுத்த பருவத்தில் தெரிவிக்கிறோம்' என்று ஒரு துண்டுச் சீட்டை வைத்து அனுப்புவது நல்லது. கேளாதவருக்கு நாள்தோறும் காலை வணக்கம் அனுப்புவது விளம்பரமாகாது. அது வாடிக்கைக்காரரைத் துரத்தும் வழி.

பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பணம் கொடுத்து விளம்பரம் செய்யலாம். இன்ன மாவட்டத்தில், இத்தனை நாள், இத்தனை ரூபாய் என்று நாமே வரையறுக்கும் வசதி அதில் உண்டு. அதன் இலாப நட்டத்தைப் பின்னர்க் கணக்கிட்டுப் பார்ப்போம்.

பெரிய இணையச் சந்தைகளில் விற்பதென்றால் தரகு, சேகரக் கட்டணம், திருப்பி அனுப்பப்பட்ட சரக்கின் செலவு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். மாநிலத்துக்குள் மட்டும் விற்பவராய், வரி விலக்குக்கான விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவராயின், 2023 அக்டோபர் 1 முதல் முழு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே அச்சந்தைகளில் விற்கலாம். அதற்கென ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொண்டால் போதும். வரிக்குட்பட்ட சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்க விரும்புவோர் முன்னதாகவே கணக்கரைக் கலந்துகொள்ளுதல் உசிதம். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 'மதி' என்னும் பெயரால் குழுக்களின் பொருள்களுக்குச் சந்தை வசதி செய்து வருகிறது. குழுவினர் தம் வட்டார இயக்க மேலாளரைக் கண்டு விவரம் அறிந்துகொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தல்

இடைத்தரகரை நீக்கிவிட்டால் முழு இலாபமும் நமக்கே என்ற பேச்சு மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. இது பாதி உண்மையே. வியாபாரி வாசலுக்கு வந்து, மொத்தமாக எடைபோட்டு, பணம் கொடுத்து, ஏற்றிச் செல்கிறார். அவர் செய்துவந்த வேலைகளை இனி நாம் செய்ய வேண்டும். அவற்றுக்குச் செலவு உண்டு.

பின்வரும் எண்கள் கணக்கு விளங்கும்பொருட்டு நாம் வைத்துக்கொண்டவையே; அங்காடி விலைகள் அல்ல. வியாபாரி கிலோவுக்கு 300 ரூபாய் தருகிறார் என்று கொள்வோம். நாம் நேரே வாடிக்கைக்காரருக்குத் தபால் செலவு உட்பட 420 ரூபாய்க்கு விற்கிறோம். ஒரு கிலோ அனுப்பப் பெட்டிக்கும் உறைக்கும் 30, தபாலுக்கு 80, உடைசல் கசிவு வகைக்கு 10 ஆகச் செலவு 120. மிஞ்சுவது 300. வியாபாரி கொடுத்த அதே தொகை! சிப்பம் கட்டிய கூலியும், பதில் எழுதிய நேரமும் வீண். இணையச் சந்தையில் நூற்றுக்குப் பதினைந்து தரகு என்றால் மேலும் 63 ரூபாய் போய் 237தான் கைக்கு வரும். வாசலில் விற்றிருந்தாலே மேல்.

அதே சரக்கை மூன்று கிலோச் சிப்பமாக அனுப்பினால் நிலைமை மாறுகிறது. வரவு 1,260. பெட்டிக்கு 55, தபாலுக்கு 145, உடைசல் வகைக்கு 30, மொத்தம் 230. மிஞ்சுவது 1,030, அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 343. வியாபாரி விலையைவிட 43 ரூபாய் அதிகம். இதனால்தான் மேலே காட்டிய மாதிரி விளம்பரத்தில் மூன்று கிலோ என்று குறித்தோம். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் முப்பது கிலோவை ஒரே மூட்டையாகப் பேருந்திலோ லாரி பார்சலிலோ அனுப்பிவிடலாம்; செலவு இன்னும் குறையும். கனமான, விலை குறைந்த பண்டங்களை உற்பத்தி செய்வோர் இத்தகைய கூட்டுக் கொள்முதலைத் தேடிச் செல்வதே நலம். ஏலக்காய், மிளகு, கைத்தறிச் சேலை போல எடை குறைந்து விலை மிகுந்தவற்றுக்கு இந்த இடர் இல்லை.

இனிப் பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரத்தைப் பார்ப்போம். 1,000 ரூபாய் செலவிட்டு எட்டுப் புதிய வாடிக்கைக்காரர்கள் கிடைத்தனர் என்றும், ஒவ்வொருவரும் மூன்று கிலோ வாங்கினர் என்றும் கொள்வோம். ஒருவரிடம் கிடைத்த அதிகப்படி வரவு 130. எட்டுப் பேரிடம் 1,040. விளம்பரச் செலவு போக 40 ரூபாய். அவர்கள் அடுத்த பருவத்திலும் வாங்கினால்தான் அந்த ஆயிரம் ரூபாய் நல்ல முதலீடாகும். வாங்காவிடில் வீண் செலவே. ஆகவே பழைய வாடிக்கைக்காரர் திரும்பி வருகிறார்களா என்பதை ஒரு நோட்டில் எழுதிவந்து, அது நிச்சயமான பின்னரே விளம்பரத்துக்குப் பணம் செலவிடுக. பார்த்தவர் எண்ணிக்கையும் விருப்பக் குறியிட்டவர் எண்ணிக்கையும் வரவில் சேராதவை.

எண் யாருடையது?

இப்பகுதியை உறுப்பினர்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். குழுவிலோ உற்பத்தியாளர் கம்பெனியிலோ படித்த இளைஞர் ஒருவர் இருப்பார். அவரே ஆர்வத்துடன் தம் சொந்தக் கைபேசியில், தம் சொந்தப் பெயரில் எல்லாவற்றையும் தொடங்குவார். வாடிக்கைக்காரர் பெருகுவர். இரண்டாண்டு கழித்து அவருக்குத் திருப்பூரில் வேலை கிடைக்கும். அல்லது அந்தப் பெண்ணுக்குத் திருமணமாகி வேற்றூர் செல்ல நேரும். அல்லது, சொல்ல விருப்பமில்லை எனினும், குழுவுக்குள் மனவேற்றுமை உண்டாகும். அன்றைக்கு எண்ணும், பக்கமும், இரண்டாயிரம் வாடிக்கைக்காரர் பட்டியலும் அவருடனே போய்விடும். அவர்மீது குற்றமில்லை; தொடக்கத்திலேயே எழுதிவைக்காத ஏற்பாட்டின் குற்றம் அது. நிலத்துக்குப் பட்டா பார்க்கும் நாம், நிலத்தைப்போலவே பலன் தரும் இந்தச் சொத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வைத்துக்கொள்வதில்லை.

செய்ய வேண்டியது கடினமன்று. குழுவுக்கென்று தனியாக ஓர் எண் வாங்குக. அந்த எண், அதனால் தொடங்கப்பட்ட பக்கங்கள், அவற்றை நடத்தும் பொறுப்பாளர் ஆகிய விவரங்களைக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி நடவடிக்கைப் புத்தகத்தில் பதிக. ஒவ்வொரு பக்கத்துக்கும் நிர்வாகிகளாக இருவரைச் சேர்க்க. வாட்ஸ்அப்பில் இரண்டாம் படிப் பூட்டு எண் வைத்து, அதை உறையிலிட்டுக் குழுவின் பணப்பெட்டியில் வைக்க. பணம் பெறும் யூ.பி.ஐ. முகவரி குழுவின் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டுமேயன்றி, எவருடைய சொந்தக் கணக்கோடும் இணைந்திருத்தல் கூடாது. சந்தேகம் பிறந்த பின் கணக்குக் காட்டுவதைவிட, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வைத்திருப்பது எளிது. பருவம் இல்லாத மாதங்களிலும் அந்த எண்ணுக்குக் கட்டணம் செலுத்தி உயிருடன் வைத்திருக்க வேண்டும். நீண்ட நாள் பயனின்றிக் கிடந்தால் எண் துண்டிக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடக்கூடும். உழைக்கும் அந்த இளைஞருக்கு மாதந்தோறும் ஒரு சிறு ஊதியம் தீர்மானிப்பதும் நியாயம்.

மோசக்காரர்கள்

பலரும் காணுமாறு எண்ணை வெளியிட்டதும் மோசக்காரர் கண்ணிலும் அது படும். இராணுவ முகாமிலிருந்து பேசுகிறோம், நூறு கிலோ வேண்டும், பணத்தை முன்கூட்டியே அனுப்புகிறோம் என்று ஒருவர் சொல்வார், கட்டம்போட்ட கியூ.ஆர். படம் ஒன்றை அனுப்பி, அதைக் காட்டி இரகசிய எண்ணை இட்டால் பணம் உங்கள் கணக்கில் ஏறிவிடும் என்பார். இட்டதும் பணம் ஏறாது, இறங்கிவிடும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் கொடுப்பதற்கே அது தேவை. இந்த ஒன்றைக் குழுவினர் அனைவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை வங்கி அதிகாரி என்று சொல்பவருக்கும் கூறலாகாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்; தாமதம் குறையக் குறையப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு மிகும்.

பணம் செலுத்திவிட்டதாக வாடிக்கைக்காரர் அனுப்பும் படத்தை மட்டும் நம்பிச் சரக்கை அனுப்புவதும் ஆகாது. வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பின்னரே சிப்பத்தைக் கட்டுக.

ஊராட்சி செய்யக்கூடியது

தனியார் தொழிலுக்கு ஊராட்சி விளம்பரம் செய்யலாமா என்ற கேள்வி எழலாம். ஒருவருடைய சரக்கை மட்டும் உயர்த்திச் சொல்வது முறையன்றுதான். ஆனால் ஊரில் உற்பத்தியாகும் பொருள்கள் எவை, எந்த மாதத்தில் கிடைக்கும், யாரை அணுகலாம் என்ற பட்டியலைத் தயாரித்துக் கிராம சபையில் வாசித்துத் திருத்திக்கொண்டு, உரியவர்களின் சம்மதத்துடன் வெளியிடுவதில் தவறொன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22ஆம் நாள் நடைபெறும் சபை, பருவத்தை ஒட்டி வருவதால், இப்பட்டியலைப் புதுப்பிக்க வசதியானது.

நிலப்படத்தில் ஊரின் பெயரே பிழையாகவோ, வேறிடத்திலோ காணப்படுவதுண்டு. வாகனம் வழிதவறினால் சரக்கும் தாமதமாகும். இதைத் திருத்தும்படி நாமே குறிப்பு அனுப்பலாம், கட்டணமில்லை. விரைவஞ்சலும் பார்சலும் பெற்றுக்கொள்ளும் அஞ்சலகம் எது, கடைசி நேரம் எது என்பதைக் குழுவினர் அறியும்படி அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். எடை போடும் தராசும், பெட்டி ஒட்டும் மேசையும் கொண்ட ஒரு பொது அறையை ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பு நடத்துமாயின், தனித்தனியே ஒவ்வொரு குழுவும் இவற்றை வாங்க வேண்டியதில்லை. பெட்டிகளை மொத்தமாக வாங்குவதாலும் செலவு குறையும்.

கருப்பட்டிக் குழுவினர் இவ்வேலைகளை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொடங்குவது வசதி. அடுப்பு மூட்டாத அந்நாள்களில் பதிவுகளைப் புதுப்பிக்கலாம். சென்ற பருவத்தில் எடுத்த படங்களைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய வாடிக்கைக்காரர் பட்டியலைச் சரிபார்க்கலாம். கிடங்கில் மீதமிருப்பதை விற்கும்போது, சென்ற பருவத்துச் சரக்கு என்று குறிப்பிட மறவற்க. மழைக்காலத்தில் அனுப்பும் சிப்பத்தில் கருப்பட்டியை முதலில் ஈரம் புகாத உறையிலிட்டு, பின்னர் ஓலைப் பெட்டியில் வைத்து, அதன்மேல் அட்டைப் பெட்டி கட்ட வேண்டும். ஓலைப் பெட்டியை அழகுக்காக வெளியே விட்டால் வழியிலேயே நசுங்கிவிடும்.